உறையின் மேல் பெயர்

மயிலாப்பூர்
14-7-1949

அன்புள்ள அத்தாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. உறையின் மேல் இந்த முறை என் பெயர் இருந்தது.

சலாம் சொல்வதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் அக்பர் பாஷா மாமாவும் சுகம். உங்கள் முதுகு வலி இப்போது எப்படி இருக்கிறது?

தபால்காரர் வழக்கமாக "ஹாஜிரா பீ!" என்று தெருமுனையிலிருந்தே கூப்பிடுவார். நேற்று வாசலில் வந்து நின்று, "ஜஹனாராங்கிறது யாரும்மா?" என்றார். நான் பேசவில்லை. கதவு இடுக்கு வழியாக எப்போதும் போலக் கையை நீட்டினேன். "கைக்குப் பேர் இன்னான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா உறையை வாங்கிப் பார்த்தாள். "இது என் பேரு இல்லியே" என்றாள். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்றாலும் தன் பெயரின் உருவம் தெரியும். குண்டு விழுந்த வருஷம் எங்களைக் கொழும்பிலிருந்து அனுப்பும்போது நீங்கள் பச்சை டிரங்குப் பெட்டியின் மூடியில் 'ஹாஜிரா பீ, கொழும்பு' என்று வெள்ளை வர்ணத்தில் எழுதிக் கொடுத்தீர்களே, அதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கடிதத்தின் உள்ளேயும் 'மகள் ஜஹனாராவுக்கு' என்றே தொடங்கியிருந்தது. அவசரத்தில் எழுதியது என்று அம்மாவிடம் சொன்னேன்.

நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு சிலோனுக்கு வருவதற்குப் பர்மிட் வேண்டும் என்று மாமா தன் கடையில் கேள்விப்பட்டு வந்தார். அதற்கு முன்பு போட் மெயில் ரயிலில் போய்க் கப்பல் ஏறினால் முன்போல இறங்கலாமாம். அம்மா பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்
ஜஹனாரா


கொழும்பு, புறக்கோட்டை
25-7-1949

அன்பு மகள் ஜஹனாராவுக்கு அத்தா பீர் முஹம்மது துஆவுடன் எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். முதுகு வலி தேவலை. நல்லெண்ணெய் தடவுகிறேன்.

கடையில் மூச்சுவிட நேரமில்லை. சண்டைக் காலத்தில்கூட டிரங்குப் பெட்டிக்கு இவ்வளவு கிராக்கி கிடையாது. முன்பெல்லாம் மூடியில் பெயர் எழுதி, கீழே 'கொழும்பு' என்று போடச் சொல்வார்கள். இப்போது திருநெல்வேலி, கீழக்கரை, ராம்நாடு என்று போடச் சொல்கிறார்கள். நான் பார்க்காத ஊரெல்லாம் என் தூரிகையில் வருகிறது.

உறையில் உன் பெயர் போட்டது அவசரத்தில் அல்ல. இனியும் உன் பெயருக்குத்தான் எழுதுவேன். இங்கே ஆகஸ்ட் ஐந்தாம் தேதி முதல் புதுச் சட்டம் அமுலுக்கு வருகிறது. நம்மவர்கள் மனுப் போட்டு, இத்தனை வருஷம் இங்கேயே குடியிருந்தோம் என்று நிரூபித்தால் இந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொள்வார்கள். இரண்டு வருஷம் தவணை. பதியாதவனுக்குக் கடை லைசென்ஸ் எத்தனை நாள் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விசாரணைக்கு வருகிறவர்கள் வீட்டுக் கடிதங்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாம். எங்கள் வக்கீலின் குமாஸ்தா அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார். ஆகையால் கடிதத்தில் எதை எழுதுகிறோம் என்பதில் நிதானம் வேண்டும். நீயும் அப்படியே எழுது.

ஒரு விவரம் தேவை. நாற்பத்திரண்டில் நீங்கள் கப்பல் ஏறியது ஏப்ரலில் எந்தத் தேதி? அதன் பிறகு ஒரு தடவையாவது இங்கே வந்து இறங்கியதற்கு ஏதாவது சீட்டு இருக்கிறதா? பெட்டியில் தேடிப் பார்.

வருவதைப் பற்றி இப்போது அவசரப்பட வேண்டாம். வீட்டில் உள்ளவர்களை விசாரித்ததாகச் சொல்.

துஆவுடன்
பீர் முஹம்மது


மயிலாப்பூர்
3-8-1949

அன்புள்ள அத்தாவுக்கு மகள் ஜஹனாராவின் சலாம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. ஆடிக் காற்றில் சாந்தோம் பக்கத்து மணல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

நாங்கள் கப்பல் ஏறியது ஏப்ரல் பதினோராம் தேதி. பெட்டிக்குள் அம்மை குத்திய சீட்டு இருக்கிறது. அதில் அந்தத் தேதிதான் போட்டிருக்கிறது. திரும்பி வந்ததற்குச் சீட்டு இல்லை. நாங்கள் திரும்பி வரவே இல்லையே, அத்தா. சண்டை முடிந்த வருஷம் கிளம்பினோம், எனக்கு டைபாய்டு வந்தது. அடுத்த வருஷம் வீட்டு வாடகை அதிகம், பொறுங்கள் என்று எழுதினீர்கள். அதற்கு அடுத்த வருஷமும் அதையே எழுதினீர்கள். அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

பின்வீட்டு நீரஜாவைப் பற்றி எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பேசுவாள். நேற்று பேப்பரோடு வந்தாள். "சிலோன் சட்டம் போட்டிருக்குடி. அப்பா படிச்சுண்டே ஒரே சத்தம். 'வெள்ளைக்காரன் தோட்டம் போட அழைச்சுண்டு போனான், இப்போ யார்னு கேக்கறா'ங்கறார். உங்கப்பா மனுப் போடறாரோ?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவளே படித்துக் காட்டினாள். மனைவி உள்ளவர் மனுப் போட்டால், மனைவியும் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருக்கக் கூடாது என்று இருக்கிறது. அவர் பொறுப்பில் உள்ள சிறு பிள்ளைகளும் அப்படியே.

நாங்கள் வந்து ஏழு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. நீரஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு வேறு பேச்சுப் பேசினாள்.

வீட்டில் உள்ளவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் நானும் அம்மாவும் மாமாவும்தான் இருக்கிறோம். அக்டோபருக்குள் வரலாமா, வேண்டாமா என்று அம்மா கேட்கிறாள்.

உங்கள் அன்பு மகள்
ஜஹனாரா


கொழும்பு
22-8-1949

அன்பு மகள் ஜஹனாராவுக்கு அத்தா எழுதுவது. சலாம். இங்கே நலம்.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பயப்படாதே. நீ விவரம் தெரிந்த பெண், அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன். மனைவி உள்ளவன் என்று நான் மனுப் போட்டால் அது நிற்காது. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் தட்டிவிடும். மனைவி இல்லாதவன், விட்டவன் என்றால் பத்து வருஷம் அவன் இருந்திருந்தால் போதும். நான் முப்பத்தொன்றிலிருந்து இருக்கிறேன். ஆகவே குமாஸ்தா எழுதி, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது அலுவலகத்துக்காகப் போட்ட காகிதம். வீட்டுக்கு அல்ல. பிரஜை ஆன பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி பிறக்கும். அப்போது இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடலாம்.

வந்து சேர்ந்தது என்று கீழே பெருவிரல் ரேகை வேண்டும். சாட்சிக்கு அக்பர் பாஷா கையெழுத்துப் போடட்டும். அலுவலகக் காகிதம் என்று மட்டும் சொல். முழுவதையும் வாசிக்க வேண்டாம்.

உனக்கு இருமல் என்று அக்பர் பாஷா எழுதியிருந்தார், விட்டதா?

துஆவுடன்
பீர் முஹம்மது


மயிலாப்பூர்
1-9-1949

அன்புள்ள அத்தாவுக்கு சலாம். இருமல் விட்டுவிட்டது.

காகிதத்தில் ரேகை வைத்து இத்துடன் அனுப்புகிறேன். மாமாவின் கையெழுத்தும் இருக்கிறது. நடந்ததை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஜூலையிலிருந்து உங்கள் கடிதங்களைப் படிக்கும்போது நானாக ஒரு வரி சேர்த்துப் படித்தேன். 'ஹாஜிராவுக்கு என் சலாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்' என்று. அன்றைக்கும் உங்கள் கடிதத்தின் முடிவில் அப்படிப் படித்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"உங்க அத்தா பதினேழு வருசத்துல காயிதத்துக்குள்ள என்னைப் பேர் சொன்னதில்ல. 'ஜஹனாரா அம்மா'ன்னுதான் எழுதுவாரு. ரெண்டு மாசமா பேர் சொல்றாரேன்னு பாத்துக்கினு கீறேன்" என்றாள்.

நான் கடிதத்தை மடித்தேன்.

"அந்த இன்னொரு காயிதத்தைப் படி."

"அது ஆபீஸ் காயிதம்மா."

"ஆபீஸ் காயிதத்துல எழுத்து இல்லியா? இன்னாடி தயங்கிக்கினு நிக்கிறே? படி."

படித்தேன். பீர் முஹம்மதாகிய நான், மயிலாப்பூரில் இருக்கும் என் மனைவி ஹாஜிரா பீயை இன்றைய தேதியில் ஒரு தலாக் சொல்லி விலக்கினேன் என்று இருந்தது. அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. முறத்தை எடுத்து மூலையில் சாத்திவிட்டு, மாமாவைக் கூப்பிட்டாள்.

மாமா முதலில் கத்தினார். பிறகு பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் காகிதத்தைக் காட்டினார். இது சும்மா ஆபீசுக்கு எழுதியது என்றும் சொன்னாராம். ஹஜ்ரத் சொன்னதை மாமா வந்து அப்படியே சொன்னார்: "ஆபீசுக்கு ஒரு தலாக், அல்லாவுக்கு ஒரு தலாக்குன்னு ரெண்டு கிடையாது பாய். தெளிவா எழுதி, கையெழுத்துப் போட்டு, பேர் சொல்லி அனுப்பியாச்சு. எழுதின தேதியிலேர்ந்து, மூணு மாதவிலக்கு வரைக்கும் அந்தம்மா வீட்டோட காத்திருக்கற இத்தா கணக்கு ஓடுது. ஒரு தலாக்தான், போன வண்டி திரும்பலாம். இத்தா முடியறதுக்குள்ள அவர் வாயைத் திறந்து 'திருப்பிக்கிட்டேன்'னு சொல்லணும். ரெண்டு பேர் கேட்டிருந்தா நல்லது. முடிஞ்சு போச்சுன்னா முடிஞ்சதுதான்."

அம்மா, "கொழும்புலேர்ந்து சொன்னாலும் சேருமா?" என்று கேட்டுவரச் சொன்னாள். சேரும் என்றார்.

அதற்குப் பிறகுதான் பெருவிரலை நீட்டினாள். மாமா தடுத்தார். "வந்து சேந்துச்சான்னுதானே கேக்குது? வந்து சேந்துச்சு. மை எடுத்தா" என்றாள்.

அன்றிலிருந்து அம்மா உள் அறையில் இருக்கிறாள். வாசலுக்கும் குழாயடிக்கும் நான் போகிறேன். அம்மாவின் கணக்குப்படி நவம்பர் கடைசி வாரம் வரை இருக்கிறது.

ஒரு வார்த்தை போதும், அத்தா.

உங்கள் அன்பு மகள்
ஜஹனாரா


கொழும்பு
21-9-1949

அன்பு மகள் ஜஹனாராவுக்கு அத்தா எழுதுவது. சலாம். காகிதம் வந்தது.

யார் உங்களை ஹஜ்ரத்திடம் போகச் சொன்னது? அலுவலகக் காகிதத்தை அலுவலகக் காகிதமாகப் பார்க்கத் தெரியவில்லையே அக்பர் பாஷாவுக்கு. அதைக் கையில் எடுத்தபோது என் மனதில் என்ன இருந்தது என்பது படைத்தவனுக்குத் தெரியும். நான் இங்கே ஒரு வேளை கஞ்சியும் ரொட்டியுமாகப் பதினெட்டு வருஷம் இருந்தது யாருக்காக?

நீ எழுதிய அந்த வார்த்தையைப் பற்றி குமாஸ்தாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சொன்னால் இரண்டு பேர் கேட்பார்கள். கேட்ட இருவரை விசாரணையில் கூப்பிட்டுச் சத்தியம் வைத்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்? இரண்டு கடை தள்ளி இருக்கிற ஒருவர் மனைவி விஷயத்தில் மாற்றிச் சொல்லி, மனுவோடு கடையும் போய்விடும் நிலையில் இருக்கிறார்.

பெட்டிக்கு வர்ணம் அடித்தால் காயும் வரை கை வைக்கக் கூடாது. வைத்தால் விரல் பதிந்துவிடும், முழு மூடியும் பாழ். கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் காய்ந்துவிடும். உனக்குப் புரியும்.

மனுவை எழுதி முடித்தாகிவிட்டது. ஒரே ஒரு வரிதான் பாக்கி.

துஆவுடன்
பீர் முஹம்மது


மயிலாப்பூர்
30-9-1949

அன்புள்ள அத்தாவுக்கு சலாம். எல்லோரும் சுகம். மாமா உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "ஆமா, எனக்கு ஆபீஸ் தெரியாது, அவருக்கு மார்க்கம் தெரியாது, சரியாப் போச்சு" என்றார். அம்மா அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

வர்ணம் காய்வதைப் பற்றி எழுதியதையும் படித்தேன். இப்போது நான் எதையும் சேர்ப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. அம்மா, "காயறதுக்கும் ஒரு நாள் கணக்கு கீது" என்றாள்.

நீரஜா சுவரண்டை வந்து, "உங்கம்மா ஏன்டி கண்ணுலயே படமாட்டேங்கறா? ஊருக்குக் கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள். உள்ளே வேலை என்று சொன்னேன். நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் கப்பல் ஏற முடியாது. இத்தாவில் இருக்கும்போது வீட்டைவிட்டுப் பயணம் போகக் கூடாது. பெட்டி துடைத்தபடியே இருக்கிறது.

நீங்கள் எழுதிய பாக்கி வரி என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மனைவி என்ற இடத்துக்கு எதிரே இல்லை என்று போட்டிருப்பீர்கள். அதற்குக் கீழே பிள்ளைகள் என்று இருக்குமே. நான் பிறந்தது கொழும்பில்தான். ஆனால் ஏழு வயதிலிருந்து இங்கே இருக்கிறேன். அந்த இடத்தில் என்ன எழுதப்போகிறீர்கள்?

உங்கள் அன்பு மகள்
ஜஹனாரா


மயிலாப்பூர்
27-10-1949

அன்புள்ள அத்தாவுக்கு சலாம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்துக்குப் பதில் வராததால் மறுபடி எழுதுகிறேன்.

மணியார்டர் வந்தது. வழக்கமாக அதன் அடியில் உள்ள சிறு துண்டில் இரண்டு வார்த்தை எழுதுவீர்கள். இந்த முறை வெறுமையாக இருந்தது. அதையும் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. குழாயடிக்கு நான் போவதால் தெருவில் நாலு பேருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. மீன் விற்கிற அம்மாசி, "இவ்ளோ நாளா எங்க கெடந்தே நீ? ஊமையோன்னு நெனச்சேன்" என்றாள். முதல் நாள் அழுகை வந்தது. இப்போது பழகிவிட்டது.

அத்தா, கடிதத்தில் எழுத முடியாது என்றால் எழுத வேண்டாம். சாட்சியும் வேண்டாம். ஹஜ்ரத்திடம் மாமா மறுபடி கேட்டார். தனியாக இருந்து சொன்னாலும் சேரும், அவளுக்குத் தெரிந்தால் போதும் என்றாராம். நான் ஒன்று யோசித்தேன். நீங்கள் அங்கே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அடுத்த கடிதத்தின் உள்ளே எப்போதும் போல எனக்கே எழுதுங்கள். உறையின் மேல் மட்டும் அம்மாவின் பெயரைப் போடுங்கள். இங்கே உறையை அம்மா பார்த்த உடனே அடுப்பில் போட்டுவிடுவேன். எந்த விசாரணைக்கும் அது கிடைக்காது. உறையில் பெயர் போடுவது எழுதியவன் கைமறதி என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். "அவருக்கு அதுல கஷ்டம் இல்லியே?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் இருபத்தாறுக்குள் வர வேண்டும்.

உங்கள் அன்பு மகள்
ஜஹனாரா


கொழும்பு
14-11-1949

அன்பு மகள் ஜஹனாராவுக்கு அத்தா துஆவுடன் எழுதுவது. சலாம். காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டேன். அதனால் தாமதம். இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

போன வாரம் விசாரணைக்காரர் கடைத்தெருவுக்கு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம், பெட்டிக் கடைக்காரருக்குக் குடும்பம் உண்டா என்று கேட்டாராம். விட்டுவிட்டார், வருஷக்கணக்காகத் தனி ஆள் என்று அவர் சொன்னாராம். அவரே என்னிடம் வந்து சொன்னார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

பிள்ளைகள் என்ற வரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். குமாஸ்தா அங்கேதான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாயிடம் விட்டாகிவிட்டது, உங்கள் பொறுப்பில் இல்லை என்று எழுதிவிடலாம், ஆனால் மாதாமாதம் மணியார்டர் போகிறதே, அது தபால் ஆபீஸ் கணக்கில் இருக்கிறதே, நிறுத்துங்கள் என்கிறார். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் இருக்கும்வரை அனுப்புவேன். அந்த வரி அப்படியே கிடக்கட்டும்.

மழையில் நனையாதே. குழாயடியில் வழுக்கும். வேறு எழுத ஒன்றும் இல்லை.

துஆவுடன்
பீர் முஹம்மது


மயிலாப்பூர்
9-12-1949

அத்தாவுக்கு ஜஹனாரா எழுதுவது. சலாம். காய்ச்சல் முழுவதும் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதம் நவம்பர் பத்தொன்பதாம் தேதி வந்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டது அம்மாவுக்கும் உள் அறையில் கேட்டிருக்கும். இருந்தாலும் கேட்காதது போல, "எடுத்தா, பாக்கலாம்" என்றாள். கொடுத்தேன். பெட்டியின் அருகே போய் உட்கார்ந்து, முந்தானையால் மூடியைத் துடைத்தாள். உறையை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

பிறகு, "பிரிச்சுப் படி. காய்ச்சல் கீய்ச்சல்னு இருக்கப் போவுது" என்றாள். படித்தேன். காய்ச்சல் என்று வந்த இடத்தில், "சொன்னேன்ல" என்றாள்.

இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் பகலில் தபால்காரர் போகும் நேரத்துக்கு அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். அவர் நம் வாசலைத் தாண்டிப் போன பிறகு தொடங்குவாள்.

இருபத்தாறாம் தேதி கணக்கு முடிந்தது. அடுத்த நாள் காலையில் தலை குளித்து, வாசலுக்கு வந்து நின்றாள். குழாயடிக்கு அவளே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அம்மாசி, "இன்னா பீ, எளைச்சுப் பூட்டே?" என்று கேட்டாள். "வயசாவுதுல்ல" என்று அம்மா சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. திரும்பி வந்து, உங்களுக்கு இரண்டு விஷயம் எழுதச் சொன்னாள். சொன்னபடி எழுதுகிறேன்.

ஒன்று. ஆபீசில் யார் சத்தியம் வைத்துக் கேட்டாலும் இனிமேல் நீங்கள் பயப்பட வேண்டாம். காகிதத்தில் இருப்பது இப்போது பொய் இல்லை.

இரண்டு. மெட்ராசுக்கு வந்தால் மாமாவின் கடையில் தங்கிக்கொள்ளலாம். சாப்பாடு அங்கே அனுப்புவாள். அவள் எதிரே வர முடியாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை என்றும் எழுதச் சொன்னாள்.

டிரங்குப் பெட்டியில் இப்போது அரிசி கொட்டி வைத்திருக்கிறோம்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து நானும் அம்மாவும் கச்சேரி ரோட்டில் ஒரு தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறோம். துணியை வாங்கி வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான். கடைக்காரர் பெயர் கேட்டபோது சத்தமாகச் சொன்னேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நேற்று மணியார்டர் வந்தது. அடித் துண்டில் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கடைத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் கையெழுத்துக்குப் பென்சிலை நீட்டினார். நான் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன். வாங்கிக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"இன்னாம்மா, உங்க நைனா அனுப்பினது. வேணான்றே? அப்பறம் 'வாங்க மறுத்தார்'னு எழுதித் திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்படியே எழுதுங்க" என்றேன். அவர் எழுதும் வரை நின்றிருந்து, கீழே கையெழுத்துப் போட்டேன். இதுவும் தபால் ஆபீஸ் கணக்கில் இருக்கும்.

ஜஹனாரா